கிரயமும் பணிமனையும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வழியாகத் தெற்கே சென்று, கரமனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பாப்பனங்கோடு, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று ஊர் ஊராகக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், கரமனையில் குடியிருந்துகொண்டு, முன்னோர் விட்டுச் சென்ற நிலத்தை வெள்ளாயணிப் பக்கத்திலோ, நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலோ, அல்லது 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ராஜ்யத்தின் பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டிலோ சாகுபடி செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய குடும்பம் ஒன்று டிராக்டர் வாங்க உத்தேசிக்கும்போது இரண்டு கொட்டேஷன்கள் கைக்கு வருவது வழக்கம்: ஒன்று திருவனந்தபுரத்து முகவர் தருவது, மற்றொன்று, சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி, நாகர்கோவிலில் இருக்கும் உறவினர் வாங்கி அனுப்புவது. கம்பெனி ஒன்றே, மாடலும் ஒன்றே, ஆயினும் தொகையில் இருபதாயிரம், இருபத்தையாயிரம் ரூபாய் வித்தியாசம் காணப்படுகிறது. இந்த வித்தியாசத்தை அப்படியே லாபமென்று எண்ணி விலை குறைந்த பக்கம் சாய்ந்துவிடுவோரும் உண்டு. "நம்ம ஊர் டீலர்தானே நாளைக்கு உதவுவார்" என்று விசாரணை ஏதுமின்றி அதிக விலையைக் கொடுத்துவிடுவோரும் உண்டு. இரு சாராரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். அந்தக் கணக்கைப் பார்க்கும் விதத்தைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் நமது பிரதேசத்தின் விசேஷ நிலையை உணர்ந்துகொள்ள வேண்டும். 2015-16-ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு சாகுபடியாளரின் கைவசமுள்ள நிலத்தின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர், கேரளத்தில் அது 0.18 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கருக்கும் குறைவு. நிலம் இவ்வாறு துண்டு துண்டாகக் கிடக்குமிடத்தில் டிராக்டர்கள் குறைவாகவே விற்கும். விற்பனை குறைவான இடத்தில் முகவர் தம் அலமாரியில் வைத்திருக்கும் உதிரிப்பாகங்களும் குறைவாகவே இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு வண்டி வயலில் நின்றுவிட்டால், அடுத்த கடைத்தெருவிலேயே அதன் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் அகப்படுவார். கரமனையிலும் நேமத்திலும் கார், லாரி, ஆட்டோ பழுதுபார்ப்பவர்கள் ஏராளமாக இருந்தாலும், டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்டில் கைவைக்கத் துணிபவர் அபூர்வம். ஆகையால் முகவரின் பணிமனை ஒன்றையே நம்பியிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம். சர்வீஸ் என்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு இதுவே பிரதான காரணம்.

இதே காரணத்தினால், வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டு மூன்று ஏக்கர் சொந்த நிலத்தை மட்டும் உழுவதற்கு ஒரு முழு டிராக்டர் வாங்குவது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நஷ்டமே. வாடகை உழவு கிடைக்குமிடத்தில் அதுவே உத்தமம். கிடைக்காத இடத்தில், கேரள அரசின் நிறுவனமாக 1973-ல் தோன்றி எர்ணாகுளம் மாவட்டத்து அத்தாணியிலிருந்து பவர் டில்லர்களைச் செய்து வரும் காம்கோவின் யந்திரம் போன்ற சிறிய சாதனம் போதுமானதாக இருக்கக்கூடும். இது விஷயமாக ஆலோசனை கேட்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய முறை ஆராய்ச்சி நிலையம் கரமனை நெடுங்காட்டிலேயே இருக்கிறது. நகரத்தின் நெரிசலுக்கு நடுவே நெல் வயலைக் காணக்கூடிய இடம் அது. வெள்ளாயணி வேளாண் கல்லூரியும் பக்கத்திலேயே உள்ளது. யந்திரத்தை விற்பதில் எந்த ஆதாயமும் இல்லாத இவர்களிடம் மண்ணையும் பரப்பையும் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு முகவரிடம் செல்வது நல்லது.

வாங்குவது என்று தீர்மானித்த பின்னர், முகவரைப் பற்றி விசாரிக்குமுன் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி தொடங்குவதற்கு முன்னால், வெளிநாட்டிலிருந்து வந்த யந்திரங்களையே நம் விவசாயம் நம்பியிருந்தது. 1956-ல் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் தொடங்கிய மத்திய அரசுப் பண்ணைகூட சோவியத் நாட்டு யந்திரங்களைக் கொண்டு நடத்தப்பட்டதேயாகும். ஒரு சிறிய பாகம் உடைந்தாலும் கடல் கடந்து வரவேண்டிய அந்தக் காலத்தின் சிரமம், 1959-ல் ஃபரீதாபாதில் ஐஷரும், 1960-ல் சென்னையில் டாஃபேயும், 1963-ல் பம்பாயில் மகிந்திராவும் தொடங்கியபின் படிப்படியாகக் குறைந்தது. ஆயினும் கம்பெனியின் ஆயுள் யந்திரத்தின் ஆயுளைவிடக் குறுகிப்போவதும் உண்டு. பொதுத்துறையில் பிஞ்சோரில் 1971-ல் தொடங்கி, வலுவான எஞ்சினுக்குப் பெயர்பெற்று விளங்கிய ஹெச்.எம்.டி. டிராக்டர் பிரிவு 2016-ல் மூடப்பட்டது. அதன் வண்டியை வைத்திருப்பவர் உதிரிப்பாகத்துக்கு வெளிச்சந்தையையே நாட வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, 2005-ல் ஐஷர் டிராக்டர் டாஃபேயின் வசமும், 2007-ல் ஸ்வராஜ் வண்டிகளைச் செய்துவந்த பஞ்சாப் டிராக்டர்ஸ் மகிந்திராவின் வசமும் சென்றபோது, உரிமை கைமாறினாலும் உற்பத்தி நிற்காததால் வாடிக்கையாளருக்குப் பெருங்கஷ்டம் நேரவில்லை. ஆகவே, நம் பகுதியில் ஓரிரண்டே ஓடுகின்ற ஒரு புதிய மாடலை விலை மலிவென்று வாங்குமுன், அதே எஞ்சினும் அதே கிளச்சும் பொருந்திய வண்டிகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை உள்ளன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் வைத்திருக்கும் வண்டிக்கே பாகமும் கிடைக்கும், ஆளும் கிடைக்கும்.

இனி விலை. கொட்டேஷன் என்பது ஒரே தொகையாகக் காகிதத்தின் அடியில் எழுதப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து, வண்டியின் விலை, வரி, பதிவுச் செலவு, இன்ஷூரன்ஸ், உபரிச் சாதனங்கள் என்று பிரித்து எழுதி வாங்க வேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து வரிவிகிதம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகவும், டிராக்டர் டயருக்கும் பல உதிரிப்பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆகவும் குறைந்திருக்கிறது. எனவே எல்லைக்கு அப்பால் வரி குறைவு என்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. வண்டியின் விலையில் வித்தியாசம் இருந்தால், அது முகவர் தம் கமிஷனில் விட்டுக்கொடுப்பதாக இருக்கும். அல்லது ஒருவர் சேர்த்துக்கொண்ட பொருளை மற்றவர் சேர்க்காமல் விட்டதாக இருக்கும். பின்னதே அதிகம் நடப்பது. டாப் லிங்க், டிராபார், ஹிட்ச், முன் பம்பர், வெயிட், மேற்கூரை, டூல் கிட் ஆகிய ஒவ்வொன்றும் இரு கொட்டேஷனிலும் உண்டா என்று விரலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம் எட்டாயிரமாகச் சுருங்கிவிடுவது சகஜம். இன்ஷூரன்ஸை முகவர் சொல்லும் கம்பெனியிலேயே எடுக்க வேண்டுமென்ற கட்டாயம் ஏதுமில்லை. வெளியில் விசாரித்து, கூடுதலாக இருந்தால் அதைச் சொல்லிக் குறைக்கலாம்.

வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதும் விலையைச் சேர்ந்ததே. டிசம்பர் மாதத்தில் திடீரென்று தள்ளுபடி தாராளமாவதற்குக் காரணம், வருஷம் திரும்பினால் அதே வண்டி பழைய ஆண்டு வண்டியாகிவிடுவதுதான். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி மாதமும் ஆண்டும் ஏறும், பின்னால் விற்கும்போது அது விலையைக் குறைக்கும். பத்து வருஷம் வைத்திருந்து தேய்ந்தபின் கொடுக்கப்போகிறவருக்கு இது பெரிய விஷயமன்று; அவர் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நீண்டகாலம் வெயிலில் நின்ற வண்டியா என்பதை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3224 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பாட்டரியிலும் தேதி உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டால், வண்டி எத்தனை காலமாக விற்காமல் நின்றது என்பது விளங்கிவிடும்.

அரசு உதவியை எதிர்பார்ப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. 2014-15-ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் யந்திரமயமாக்கத் திட்டத்தின் கீழ்ச் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பாதி வரையிலும், மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையிலும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. இதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். முகவரின் அவசரத்துக்கு இணங்கி முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் மானியம் கைநழுவும். அந்தந்த ஆண்டின் நிலவரத்தை உள்ளூர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே கொட்டேஷனுக்கு அலைய வேண்டும்.

இப்போது விலையையும் சர்வீஸையும் ஒரே தராசில் நிறுக்கும் வழிக்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் நிலவரத்தை அவற்றின் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். உபரிச் சாதனங்களையெல்லாம் சரிக்கட்டிய பிறகும் இரு முகவர்களுக்கிடையே 24,000 ரூபாய் வித்தியாசம் நிற்கிறது என்று கொள்வோம். அந்தத் தொகையும் கடனில்தான் சேரும். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டு மாதத் தவணையாகக் கட்டினால், மொத்தம் ஏறக்குறைய 30,600 ரூபாயாகிறது. சர்வீஸின் பெருமையைப் பேசுகிறவர்கள் வழக்கமாக மறந்துவிடும் வட்டி இது. விலை குறைத்துத் தரும் முகவருக்குச் சேரவேண்டிய நியாயத்தை மறுக்கக் கூடாது. மறுபக்கம், வண்டி வாடகை உழவுக்கும் போகிறது என்றும், மணிக்கு ஆயிரம் ரூபாய் வாங்கி, டீசல், டிரைவர் கூலி, எண்ணெய், தேய்மானம் போக ஐந்நூறு மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரம் ஓடும் ஒரு நாளுக்கு மிச்சம் 4,000 ரூபாய். ஆகவே ஐந்து ஆண்டுகளில் எட்டு வேலைநாள் கூடுதலாக வண்டி நின்றுவிட்டால், மலிவாக வாங்கிய லாபம் முழுவதும் கரைந்துபோகும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்றும், இந்தப் பக்கம் விரிப்பு, முண்டகன் என்றும் ஆண்டுக்கு இரண்டு நெற்பருவம். ஐந்து ஆண்டுக்குப் பத்துப் பருவம். பருவத்துக்கு ஒரு நாள்கூட முழுதாக வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் சேராத நஷ்டமும் ஒன்றுண்டு. வயலில் தண்ணீர் கட்டி, நாற்று முதிர்ந்து, நடவாட்களுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் விவசாயி, நம் வண்டி பழுதாகிவிட்டது என்று கேட்டவுடன் வேறொருவரை அழைத்துவிடுவார். அடுத்த பருவத்துக்கும் அந்த வேறொருவரையே அழைப்பார். அந்த வாடிக்கையை மீட்பது எளிதன்று.

ஆனால் இதே கணக்கு மற்றொருவருக்கு நேர்மாறான விடையைத் தரும். தென்னந்தோப்பில் ஊடுழவுக்கும் வாழைக்கு எரு இழுப்பதற்குமாக ஆண்டில் ஐம்பது அறுபது மணி நேரம் மட்டும் மினி டிராக்டர் ஓட்டுகிற ஒருவருக்கு, வண்டி ஒரு வாரம் நின்றால் பெரிய நஷ்டம் ஏதுமில்லை, தோப்பு காத்திருக்கும். அவர் விலை குறைந்த இடத்தில் வாங்கி, மிச்சத்தைக் கொண்டு ஒரு ரொட்டவேட்டர் வாங்கிக்கொள்வதே உசிதம். ஆண்டுக்கு எத்தனை மணி, எந்த மாதத்தில் என்ற இரண்டையும் நிர்ணயிக்காமல், சர்வீஸ் பெரிதா விலை பெரிதா என்று வாதிப்பது வீண் தர்க்கமே.

சரி, ஒரு முகவரின் சர்வீஸ் நல்லதா என்பதை வாங்குமுன்பே அறிவது எப்படி? ஷோரூமில் உட்கார்ந்துகொண்டு அறிய முடியாது. அங்கே வழவழப்பான தரையும், புது வண்ணத்தின் பளபளப்பும், சேல்ஸ்மேனின் உபசாரமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். பின்பக்கம் இருக்கும் பணிமனைக்குப் போக வேண்டும். அதுவும் ஜூன் மாத மழை தொடங்கிய வாரத்தில், உழவு மும்முரமாக நடக்கும்போது, முன்னறிவிப்பின்றிப் போக வேண்டும். பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட வண்டிகள் எத்தனை, அவற்றின்மேல் தூசி எவ்வளவு படிந்திருக்கிறது, எஞ்சினின் திறந்த வாயைத் துணியால் மூடியிருக்கிறார்களா அல்லது மழைச்சாரலுக்குத் திறந்து போட்டிருக்கிறார்களா, கழற்றிய நட்டும் போல்ட்டும் தட்டில் வரிசையாகக் கிடக்கின்றனவா அல்லது தரையில் டீசலோடும் மண்ணோடும் உருள்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒவ்வொரு வண்டியின் ஸ்டீயரிங்கிலும் ஜாப் கார்டு ஒன்று கட்டித் தொங்கும். அதில் வண்டி உள்ளே வந்த தேதி எழுதியிருக்கும். மீதியை, வாசலில் பீடி புகைத்துக்கொண்டு குந்தியிருக்கும் டிரைவரிடம் கேட்கலாம்.

"அண்ணாச்சி, வண்டி எத்தன நாளா கெடக்கு?"

"பதினோரு நாளாச்சு மக்களே. ஹைட்ராலிக் பம்பு கொச்சியிலேருந்து வரணுமாம்."

"வேலக்காரன் எப்பிடி?"

"ஆசான் கெட்டிக்காரருதான். சாமான் இல்லாம அவரு என்ன செய்வாரு?"

இந்த நான்கு வரிப் பேச்சில் உள்ள செய்தி எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. கைத்திறன் உண்டு, கையிருப்பு இல்லை என்பது தெரிந்துவிட்டது. அடுத்து உதிரிப்பாகக் கவுண்டருக்குச் சென்று, நீங்கள் வாங்க எண்ணும் மாடலைச் சொல்லி, எண்ணெய் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளச் பிளேட், முன் ஆக்ஸில் ஆயில் சீல், வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் பம்ப் கிட், செல்ஃப் மோட்டாரின் பாகங்கள் ஆகியவற்றின் விலையைக் கேளுங்கள். விலை சொன்னவுடன், "இப்போது எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஃபில்டர் எல்லாரிடமும் இருக்கும். கிளச் பிளேட்டும் ஆயில் சீலும் அலமாரியிலிருந்து இறங்கி வந்தால் அந்த முகவரை மதிக்கலாம். "சொன்னா ரெண்டு நாள்ல வந்துடும்" என்ற பதில், கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ உள்ள கிடங்கில் இருப்பு உண்டென்பதை மட்டுமே குறிக்கும். ஞாயிற்றுக்கிழமையும் ஹர்த்தாலும் குறுக்கிட்டால் இரண்டு நாள் ஐந்தாகும்.

ஆயில் சீலைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நமது சேற்று உழவு. இரும்புக் கேஜ் வீல் மாட்டி, முழங்கால் சேற்றில் தொழியடிக்கும் வண்டிக்கு ஏற்படும் தேய்மானம், வடஇந்தியாவின் வறண்ட கோதுமை வயலில் ஓடும் வண்டிக்கு ஏற்படுவதில்லை. நுண்ணிய களிமண் கரைசல் முன் ஆக்ஸிலின் சீலை அரித்து உள்ளே புகுகிறது. எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்கிறது. பிரேக்கிலும் கிளச்சிலும் சேர்கிறது. சேற்றிலிருந்து ஏறியதும் சக்கர மையத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, எண்ணெய் பால் நிறமாக மாறியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் டிரைவருக்கு இருந்தால் பாதிச் செலவு மிச்சம். எனினும் சீல் மாற்ற வேண்டியது வந்தே தீரும். ஆகவே சேற்றில் ஓட்டுபவர், எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள மாடலையே கேட்டு வாங்குவதும், சேற்று உழவால் வந்த பழுது உத்தரவாதத்தில் சேருமா என்பதை முன்பே எழுத்தில் பெறுவதும் அவசியம். "தவறான உபயோகம்" என்ற ஒரு தொடரைக் காட்டி மறுக்கப்படும் கோரிக்கைகள் அநேகம்.

குதிரைசக்தியிலும் ஒரு நுட்பம் உண்டு. 2023 ஜனவரி முதல், 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்கள் புதிய புகைக்கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டு வருகின்றன. அதன் பயனாக அவற்றின் டீசல் அமைப்பு மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. புகை குறைவது நன்மையே. ஆனால் அத்தகைய எஞ்சின் நின்றுவிட்டால், கம்பெனியின் கணினிக் கருவியை இணைத்துத்தான் பழுதைக் கண்டுபிடிக்க முடியும். ஊர் மெக்கானிக் ஸ்பானரோடு வந்து பயனில்லை. 50-க்கு மேல் போவதானால், அந்தக் கருவியும் அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆளும் முகவரிடமே இருக்கிறார்களா என்று கேட்பது கடமை. நம் பக்கத்துச் சிறு பாத்திகளுக்கு அவ்வளவு பெரிய வண்டி தேவைப்படுவதே அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்திய அரசுச் சோதனை நிலையம் ஒவ்வொரு மாடலையும் சோதித்து அறிக்கை தருகிறது. முகவரிடம் அதைக் கேட்டு வாங்கி, பி.டி.ஓ. சக்தியையும் டீசல் செலவையும் பாருங்கள். ரொட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. சக்தியே, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எஞ்சின் சக்தியைவிட அது எப்போதும் குறைந்தே இருக்கும்.

பேரம் பேசும் முறையைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. முகவரின் கமிஷனை ஒட்டக் கறந்துவிடுவது புத்திசாலித்தனமன்று. பணிமனையில் நிற்கும் மெக்கானிக்கின் சம்பளமும், அலமாரியில் கிடக்கும் கிளச் பிளேட்டில் முடங்கிய முதலும் அந்தக் கமிஷனிலிருந்துதான் வருகின்றன. எல்லாரும் கறந்துவிட்டால் நல்ல மெக்கானிக் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவார், அலமாரி காலியாகிவிடும். ஆதலால் நியாயமான அளவுக்கு விலை இறங்கியபின், மேலும் ஐயாயிரம் குறைக்கச் சொல்வதைவிட, அந்த ஐயாயிரத்துக்கு ஈடாகச் சேவையைக் கேட்பதே மேல். முகவருக்கும் அதுவே எளிது. உழவுப் பருவத்தில் போன் செய்த மறுநாள் மாலைக்குள் மெக்கானிக் வயலுக்கு வர வேண்டும். முதல் ஆண்டு இலவச சர்வீஸ்களுக்கு வந்துபோகும் வண்டிச்சத்தம் வாங்கக் கூடாது. மூன்று நாளுக்குமேல் பாகம் தாமதமானால், காட்சிக்கு நிற்கும் வண்டியிலிருந்தாவது எடுத்துப் போட வேண்டும். இம்மூன்றையும் முகவரின் லெட்டர்ஹெட்டில், தேதியும் முத்திரையும் கையெழுத்துமாக எழுதி வாங்குங்கள். "நம்ம தமிழ் ஆளு, எழுத்தெல்லாம் எதுக்கு சாமி?" என்று சிரித்து நழுவுகிறவரிடம், சொந்தத் தமிழரே ஆனாலும், நான் வாங்கமாட்டேன்.

நாகர்கோவிலில் வாங்கி இங்கே கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். உத்தரவாதம் கம்பெனியுடையது, எந்த ஊரில் வாங்கினாலும், அதே கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலும் அது செல்ல வேண்டியது முறை. ஆனால் பருவ நெருக்கடியில் பத்து வண்டி வரிசையில் நிற்கும்போது, தாம் விற்ற வண்டியையே உள்ளூர் முகவர் முதலில் எடுப்பார் என்பதும் உலகியல்பு. நிலம் தோவாளையிலோ பூதப்பாண்டியிலோ இருந்து, வண்டியும் அங்கேயே நிற்குமானால், தயக்கமின்றி நாகர்கோவிலில் வாங்குங்கள். கரமனையில் வீடு இருப்பதை உத்தேசித்து இங்கே வாங்குவது தவறு. வண்டி எங்கே உழுகிறதோ அங்கே இருக்கும் பணிமனையே உங்கள் பணிமனை. எல்லை கடந்து கொண்டுவருவதானால், தற்காலிகப் பதிவு, இங்கே நிரந்தரப் பதிவு, அதற்கான வரி ஆகியவற்றை மோட்டார் வாகன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

வாக்குத் தவறினால் சட்டமும் துணைக்கு உண்டு. 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். நாகர்கோவில் முகவர்மீது திருவனந்தபுரத்தில் வழக்குத் தொடுக்கத் தடையில்லை. கொடுத்த கிரயம் 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வாடகைக்கு ஓட்டுவதால் இது வியாபாரம் என்று எதிர்த்தரப்பு வாதிக்கும். சுயதொழிலாக ஜீவனத்துக்காக மட்டும் ஓட்டுகிறவர் நுகர்வோரே என்று சட்டம் விளக்கியிருக்கிறது. அங்கே பேசப்போவது காகிதம். முன்னே சொன்ன லெட்டர்ஹெட்டும், ஒவ்வொரு ஜாப் கார்டின் நகலும், வண்டி உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் பத்திரமாக இருக்கட்டும்.

வண்டி எடுக்கும் நாளில், மாலை போட்டுத் தேங்காய் உடைப்பதற்கு முன்னால், சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பில்லோடு ஒத்துப்பார்த்து, எஞ்சின், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் எண்ணெய் அளவுகளைக் குச்சி எடுத்துப் பார்த்து, லிஃப்டில் ரொட்டவேட்டரைத் தூக்கிச் சற்று நேரம் நிறுத்தி அது தானாக இறங்குகிறதா என்று கவனித்து, ஹவர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மீட்டரையே கண்ணாக வைத்திருங்கள். பெரும்பாலான கம்பெனிகளின் முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில் வரும். பருவத்தில் அது ஒரே வாரத்தில் வந்துவிடும், வேலை மும்முரத்தில் நழுவியும் போய்விடும். வேலையை அரைநாள் நிறுத்தியாவது அந்த சர்வீஸைச் செய்து, புத்தகத்தில் முத்திரை வாங்கிவிடுங்கள். முத்திரை இல்லாத சர்வீஸ் புத்தகத்தோடு போய் நிற்பவருக்கு உத்தரவாதத்தை மறுக்கக் கம்பெனிக்கு வேறு காரணம் தேவைப்படாது.